ஒரே மாதிரி ரெண்டு படகு: எதில் ஏறலாம்?

அமெரிக்காவில் ஏரிகள் நிறைந்த மினசோட்டா மாதிரி ஊர்களுக்குப் போன நம்மவர்கள் சிலர், கோடை வந்தால் குடும்பத்தோடு ‘பொன்டூன்’ படகில் கிளம்பிவிடுகிறார்கள். ரெண்டு நீண்ட அலுமினியக் குழாய், மேலே தட்டையான தளம், சுற்றிலும் கம்பி வேலி, சோபா மாதிரி இருக்கை. அவ்வளவுதான் படகு. 1950-களின் தொடக்கத்தில் அதே மினசோட்டாவில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்பு பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டு ஆரம்பித்து வைத்தது. (நம்ம கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆச்சு. ஆனா அது மரங்களை நெருக்கிக் கட்டியது. இது ரெண்டையும் தள்ளி வைத்தது.)

எங்க மருங்காபுரிப் பக்கம் கண்மாயில் தண்ணி நின்னாலே திருவிழாதான். படகு நமக்கெதுக்கு என்று கேட்கலாம். கொடைக்கானல், முட்டுக்காடு, தேக்கடி என்று போய் ஏறத்தானே செய்கிறோம்?

விளம்பரத்தில் ரெண்டு படகும் ஒரே நீளம், ஒரே விலை என்றால், இருக்கை மெத்தையைப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் முடிவெடுக்கிறார்கள். நான் குழாயைப் பார்க்கச் சொல்வேன். கணக்கு எளிது. 60 செ.மீ. விட்டம், 6 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் முழுசா முங்கினால் சுமார் 1,700 கிலோ தாங்கும். படகின் எடை 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம், குழாய்க்கு 450. ஆளுக்கு 65 கிலோ வீதம் 10 பேர் ஏறி, எல்லாரும் ஒரு பக்கக் குழாய்க்கு நேர் மேலே போய் நின்றால்கூட அந்தக் குழாய்க்கு 1,100 கிலோதான். பயமில்லை. அதே படகில் 20 பேர் ஏறினால்? பரவலாக உட்கார்ந்திருக்கும்போது படகு சமமாக, அழகாகத்தான் மிதக்கும். மான் தெரியுதுன்னு எல்லாரும் ஒரு பக்கம் ஓடினால் 1,750 கிலோ. குழாய் முங்கிவிடும்.

மூணாவது குழாய் உள்ள படகு விலை கூட. சுமை தாங்க அது நல்ல உதவி. ஆனால் நடுவில் இருப்பதால் சாய்வைத் தடுப்பதில் அதன் பங்கு குறைவு. அந்த வேலையைச் செய்வது ஓரக் குழாய்களும் அவற்றுக்கு இடையிலான அகலமும்தான். பெரிய எஞ்சின், கூடுதல் ஆட்கள் என்றால் மூணு வாங்கலாம். ஆறேழு பேர், மெதுவான சவாரி என்றால் ரெண்டே தாராளம். குழாய்க்குள்ளே தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்க. ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் மற்ற அறைகள் தாங்கும். உப்புத்தண்ணியில் ஓட்டுவதாக இருந்தால் அலுமினியம் அரிக்கும், அதற்கு முன்னால் தான் அரிந்துகொடுக்கிற துத்தநாகக் கட்டி பொருத்தியிருக்கணும்.

மாடி வைத்த படகு எனக்குப் பிடிக்காது. ஆட்கள் மேலே போகப் போக எடையும் மேலே போகிறது, சாய்ந்தால் நிமிர்வது கஷ்டம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த ‘ஜலகன்னிகா’ இரட்டை அடுக்குப் படகு; 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்ததும் இரட்டை அடுக்குதான், அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது. 22 பேர், அதில் பலர் குழந்தைகள்.

இந்தியாவில் எஞ்சின் வைத்த உள்நாட்டுப் படகுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் ஆய்வும் வேணும். டிக்கெட் எடுக்கும்போதே “எத்தனை பேருக்கு அனுமதி?” என்று கேட்டுவிட்டு, ஏறினதும் தலையை எண்ணுங்க. உயிர்காப்பு உடுப்பைக் குழந்தைக்குக் குழந்தை அளவில் கேட்டு வாங்குங்க. பெரியவங்களுடையதைப் போட்டால் தண்ணியில் விழுந்ததும் தலை வழியே கழன்றுவிடும்.