எழுதினால் படம்

1970களில் ஒரு நிரல் போட்ட கணக்கை வரைபடமாகப் பார்ப்பது பெரும்பாடு. லைன் பிரின்டருக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துகள்தான். நட்சத்திரக் குறிகளைத் தாளில் தள்ளித் தள்ளி அடித்து, அதையே வளைகோடாக நினைத்துக்கொள்ள வேண்டும். பேனா பிளாட்டர் இருந்தால் கோடு அழகாக விழும். ஆனால் கருவி மாறினால், நிரலில் வரைகிற பகுதியையும் மாற்ற வேண்டிவரும்.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலிருந்து வெளியேறிய ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1984இல், எந்தக் கருவிக்கும் பொதுவாகப் பக்கத்தை விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வந்தது. மறு ஆண்டே அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் லேசர்ரைட்டர் பிரின்டரை ஆப்பிள் 6,995 டாலருக்கு விற்றது. அதன் பிராசசர் வேகம் 12 மெகாஹெர்ட்ஸ். அதை ஏவிய மேக்கின்டாஷுக்கு ஏறத்தாழ 8தான். முதலாளியைவிட வேலையாளுக்கு மூளை அதிகம்!

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. ‘72 72 மூவ்டூ, 300 400 லைன்டூ, ஸ்ட்ரோக், ஷோபேஜ்’: இப்படி நாலு வரி எழுதினால் போதும். தாளின் இடது கீழ் மூலைதான் தொடக்கம். அங்குலத்துக்கு 72 அலகு. எண் முன்னே, ஏவல் பின்னே. ஃபோர்ட்ரானின் ‘ரைட்’, சி மொழியின் ‘பிரின்ட்எஃப்’ என எதை வைத்தும் இந்த வரிகளை எழுதலாம். விடையை அச்சிடத் தெரிந்த நிரல் எல்லாம் படமும் வரையத் தொடங்கியது. அதே கோப்பு அங்குலத்துக்கு 300 புள்ளி லேசரிலும் வரும், 1,270 புள்ளி லைனோட்ரானிக் அச்சுக்கோப்புக் கருவியிலும் வரும். நிரலில் ஒரு வரிகூட மாற வேண்டாம்.

ஒரு வில்லங்கமும் இருந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கம் என்பதே ஒரு நிரல். அதில் முடியாத சுற்று ஒன்று புகுந்துவிட்டால், பிரின்டர் பக்கத்தைத் தள்ளாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 1993இல் வந்த பிடிஎஃப், பக்க விவரிப்பிலிருந்து சுற்றுகளையும் நிபந்தனைகளையும் நீக்கியது.

இன்று பைத்தானில் மேட்பிளாட்லிப் லைப்ரரியை அழைத்து ‘சேவ்ஃபிக்’ என்றால், பிடிஎஃப் கோப்பாகவும் படம் தயார். 2022இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவின் பிரிவியூ செயலி, போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பைத் திறப்பதுகூட இல்லை. ஆனால் அந்த பிடிஎஃப் படத்தின் சுருக்கத்தை அவிழ்த்துப் பாருங்கள்: மூவ்டூ ‘எம்’ ஆகவும், லைன்டூ ‘எல்’ ஆகவும், ஸ்ட்ரோக் ‘எஸ்’ ஆகவும் குறுகிக் கிடக்கும். இன்றும் எண் முன்னேதான்.

லைப்ரரி எதுவும் இல்லாமல் படம் வேண்டுமா? எஸ்விஜி என்ற பட வடிவத்தின் வரிகளை இன்றைக்கும் நிரலிலிருந்து நேரே அச்சிடலாம், பிரவுசர் காட்டிவிடும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அங்கே தொடக்கம் இடது மேல் மூலை. பழைய கணக்கையே போட்டால், ஏறவேண்டிய கோடு இறங்கும்.