யூரிக் அமில மாத்திரை உண்போர் கவனத்திற்கு

திருவாலங்காட்டிலிருந்தும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்தும் கால் பெருவிரல் வீங்கி வருவோர் பலருக்கு நாங்கள் எழுதித் தரும் மாத்திரை அலோபியூரினால். அது வேலை செய்யும் விதம் சுவையானது.

பியூரின் சிதைவில் பிறக்கும் ஹைப்போசாந்தைனைச் சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி இருமுறை ஆக்சிஜனேற்றம் செய்து யூரிக் அமிலமாக்குகிறது. அலோபியூரினால் அந்த ஹைப்போசாந்தைனின் அச்சேதான். வளையத்தில் அடுத்தடுத்துள்ள ஒரு கரியணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் இடம் மாறியுள்ளன, அவ்வளவே. நொதி இதனையும் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. ஆனால் விளைந்த பொருள் நொதியை இறுகப் பற்றி முடக்கிவிடுகிறது.

இரத்தப்புற்றுக்குத் தரும் மெர்காப்டோபியூரினைச் சிதைப்பதும் இதே நொதி. அம்மருந்தின் ஆற்றலை நீட்டிக்கவே, 1988இல் நோபல் பரிசு பெற்ற எலியனும் ஹிட்சிங்ஸும் அலோபியூரினாலை முதலில் ஆராய்ந்தனர். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோர் உண்ணும் அசாதயோபிரினும் உடலுக்குள் மெர்காப்டோபியூரினாகவே மாறுகிறது. அறியாமல் சேர்த்து உண்டால் மருந்து தேங்கி, எலும்பு மஜ்ஜை நலிந்து, இரத்த அணுக்கள் குன்றும்; உயிருக்கே ஆபத்தாகலாம். சேர்த்தே தீரவேண்டுமெனில் மருத்துவர் அவற்றின் அளவை மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, இரத்தப் பரிசோதனையும் செய்வார்.

ஆகவே வேறு மருத்துவர் தந்த சீட்டுகளையும் எங்களிடம் காட்டுங்கள். காய்ச்சலோ தொண்டைப்புண்ணோ தோலில் தடிப்போ கண்டால் அன்றே வந்துவிடுங்கள்.