வீடு விற்கும் வழி

மக்கள் பலர்க்கு வாழ்நாளெல்லாம் தேடிய பொருள் ஒரு வீடாகவே நிற்கின்றது. அதனை விற்கும் நாள், பல்லாண்டு உழைப்பின் பயனைப் பெறும் நாளாகும். விற்பனைச் செய்தியைச் சிலர்க்கு மட்டும் உரைத்தல் நன்றோ, பலர்க்கும் உரைத்தல் நன்றோ? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா பெரிதும் ஆராயப்பட்டு வருகின்றது.

அந்நாட்டில் வீடு விற்போருள் பெரும்பாலோர் தரகர் ஒருவரை அமர்த்துகின்றனர். வாங்குவோர்க்கும் தனித் தரகர் இருப்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தரகர்கள் ஓரிடத்தில் கூடி, தத்தம் பொறுப்பில் உள்ள வீடுகளைப் பிறர்க்கு அறிவித்தனர். விற்க உதவியவர்க்குத் தரகில் பங்கும் அளித்தனர். இவ்வழக்கமே கூட்டுப் பட்டியலாக வளர்ந்தது. இன்று அது கணிப்பொறி வழி நடைபெறுகின்றது. அதில் ஒருவர் பதியும் வீட்டை அதனைச் சேர்ந்த தரகர் அனைவரும் காண்பர். இதற்கு மாறாக, செய்தியைத் தம் நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுதல் தனிப் பட்டியல் எனப்படும்.

தனிப் பட்டியலாலும் நன்மை உண்டு. புகழ்பெற்றோரும், இல்லத்தில் நோயாளியை உடையோரும் அயலார் பலர் வந்து பார்ப்பதை விரும்பார். மேலும், ஒரு வீடு எத்தனை நாள் விலைபோகாது கிடந்தது என்பதைக் கூட்டுப் பட்டியல் காட்டிவிடும். நெடுநாள் கிடந்த வீட்டைக் கண்டு வாங்குவோர் ஐயுறுவர். விலையையும் குறைத்துக் கேட்பர். தனிப் பட்டியலில் இவ்விடர் குறைவு.

ஆயினும், விலையை உயர்த்துவது வாங்குவோரிடையே எழும் போட்டியே. அறிந்தோர் சிலராயின் போட்டியும் சிறிதாகும். தரகர் நலனும் விற்பவர் நலனும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை என்பதும் நினைக்கத்தக்கது. இருபக்கத் தரகர்க்கும் விலையில் நூற்றுக்கு 3 வீதம் தரகு எனக் கொள்க. பலர் போட்டியிட வீடு 4,20,000 டாலருக்கு விலைபோனால், விற்பவரின் தரகர் 12,600 டாலர் பெறுவார். அவரே தமக்குத் தெரிந்த ஒருவருக்கு 4,00,000 டாலருக்கு விற்று, இருபக்கத் தரகையும் பெற்றால் அவருக்கு 24,000 டாலர் கிடைக்கும். விலை குறைந்தது, தரகர் வருவாயோ பெருகியது. குறைவு முழுதும் விற்பவர் தலையிலேயே விழுந்தது. ஒருவரே இருபக்கமும் தரகராயிருத்தலைச் சில மாநிலங்கள் தடுத்திருப்பது இதனாலேயே எனலாம்.

1908-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் தோன்றிய தேசியத் தரகர் சங்கம், 2019-ஆம் ஆண்டு ஒரு விதி இயற்றியது. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்த வீட்டை ஒரு வேலை நாளுக்குள் கூட்டுப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும் என்பதே அது. விற்பவர் விரும்பினால் பொது விளம்பரத்தைச் சிறிது காலம் தாழ்த்தலாம் என 2025-ஆம் ஆண்டு அச்சங்கம் இடமளித்தது.

இதில் பொதுநலமும் அடங்கியுள்ளது. வீட்டு விற்பனையில் இனம், நிறம், சமயம் கருதி வேற்றுமை காட்டுதலை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. செய்தி ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுழலுமாயின், வெளியில் நிற்பவர்க்கு வாயில் அடைபட்டதே ஆகும்.

ஆதலின், மறைவு வேண்டுவோர்க்குத் தனிப் பட்டியல் பொருந்தும். நல்ல விலை வேண்டுவோர்க்குப் பெரும்பாலும் கூட்டுப் பட்டியலே ஏற்றது. எவ்வழியாயினும், “இதனால் பயன் பெறுவோர் யார்?” என்று தரகரிடம் முதலில் வினவித் தெளிந்த பின்னரே கையெழுத்திடுதல் அறிவுடைமையாகும்.