பொருநைக் கரை வாசகர்கள் – 11: கொடுத்த புத்தகம் எங்கே போகிறது?

கரிவலம்வந்தநல்லூரில் வரதுங்கராம பாண்டியர் என்றொரு அரசர் இருந்தார். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்டவர். தமிழில் நூல் செய்த புலவரும்கூட. பிள்ளையில்லாமல் அவர் மறைந்தபோது அரண்மனைச் சொத்தெல்லாம் பால்வண்ணநாதர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏட்டுச் சுவடிகளும் அதில் அடக்கம். சுமார் 300 ஆண்டு கழித்து அந்த ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் போனார். கோயில் அலுவலரிடம் விசாரித்தார். குப்பையாய்க் கிடந்த பழைய ஏடுகளை ஆகமத்தில் சொல்லியிருக்கிறபடி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

‘என் சரித்திர’த்தில் ஐயர் இதை எழுதியிருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு பதறுகிறது. ஒரு அரசரின் நூலகம் பொதுச் சொத்தாகி, அழிந்தும் போயிற்று. எரித்தவர்களைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அந்தக் கொடையையே கொஞ்சம் கிளறிப் பார்க்கத் தோன்றுகிறது. நிலம் கொடுத்தால் குத்தகை வரும். பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். நகை கொடுத்தால் பெட்டகமும் பூட்டும் உண்டு. ஏட்டை யார் வருஷா வருஷம் பிரித்துத் தூசி தட்டுவார்கள், சிதைந்ததை யார் பெயர்த்து எழுதுவார்கள்? அந்தப் பொறுப்பு யார் தலையிலும் விழவில்லை.

அதே ஐயர் திருநெல்வேலி தெற்குப் புதுத்தெருவில் வேறொன்றைப் பார்த்தார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்கச் சுவடி தேடி அலைந்த காலம் அது. நூல் 1889இல் வெளிவந்தது. கவிராஜ ஈசுவரமூர்த்தியா பிள்ளை வீட்டில் ஏடுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. தூசி இல்லை, பூச்சி இல்லை, ஒரு நூலின் ஏடு இன்னொன்றில் கலந்து கிடக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டார் அதையே ஒரு வேலையாகச் செய்து வந்திருக்கிறார்கள். அங்கிருந்து பொருநை ஆற்றோடு கிழக்கே போனால் ஆழ்வார்திருநகரி. அங்கே லட்சுமண கவிராயர் வீட்டில் கட்டுக்கட்டாக ஏடுகள். நாள்கணக்கில் தேடியும் பத்துப்பாட்டு கிடைக்கவில்லை. தன் மாமனார் வீட்டிலும் கொஞ்சம் ஏடுகள் இருப்பது கவிராயருக்கு நினைவு வந்தது. போய் ஒரு சுவடியை எடுத்து வந்தார். ஐயர் அதை நிலா வெளிச்சத்திலேயே பிரித்தார். கண்ணில் பட்டது முல்லைப்பாட்டு.

கரிவலம்வந்தநல்லூரும் தெற்குப் புதுத்தெருவும் அன்றைக்கு ஒரே ஜில்லா. ஓர் இடத்தில் ஏடு சாம்பலானது, இன்னோர் இடத்தில் அச்சுக்குப் போனது. இரண்டிலும் ஏடு ஒன்றுதான். பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

இந்த விஷயத்தைக் கடல் கடந்து ஒருவர் கச்சிதமாகப் புரிந்துகொண்டிருந்தார். இரும்பாலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி தன் செல்வத்தில் உலகெங்கும் 2,509 நூலகங்கள் கட்டக் காசு கொடுத்தார். கேட்ட ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கவில்லை. இடத்தை ஊர் தர வேண்டும். அவர் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊரே வரியிலிருந்து ஒதுக்க வேண்டும். சம்மதித்தால்தான் பணம். தொழிலாளர்களைக் கசக்கிச் சேர்த்த பணம் என்ற விமரிசனம் அவர் காலத்திலேயே இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் அந்த நிபந்தனையில் உள்ள அறிவை நான் மதிக்கிறேன். கட்டடத்தைத் திறந்துவைப்பதோடு கொடை முடிந்துவிடுவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்தில் இதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு போராடியதன் பலனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதன் உயிர்நாடி நூலக வரி. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. பாளையங்கோட்டையில் ஒருவர் 2,000 ரூபாய் சொத்து வரி கட்டினால், அதோடு 200 ரூபாய் நூலகத்துக்காகவும் கட்டுகிறார். வரி ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள், தனி வரியாகவே இருக்கும். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் பெயர் போடாத நூலகப் புரவலர்தான். அந்தப் பணத்தை வசூலிக்கும் உள்ளாட்சி அமைப்புகள் அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகச் செலுத்தாமல் பாக்கி வைப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள பழைய நோய். நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்க நினைக்கும் நல்ல மனிதர்கள் அதற்கு முன்னால் தங்கள் வார்டு உறுப்பினரிடம், “நம்ம ஊர் நூலக வரியைக் கட்டியாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஒரு மூட்டைப் புத்தகத்தைவிட அந்தக் கேள்விக்குப் பலன் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

மூட்டை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வீடு வெள்ளையடிக்கும்போதும், பெரியவர் ஒருவர் காலமான பிறகும், கிளை நூலகத்து வாசலில் ஆட்டோவில் மூட்டை வந்து இறங்கும். பிரித்தால் பாடத்திட்டம் மாறிப்போன பிளஸ் டூ நோட்ஸ், அட்டை போன வார இதழ்கள், யாரோ எப்போதோ எழுதிய போட்டித் தேர்வுக்கான கைடு, நடுவில் கரையான் தின்ற ஆன்மிக மலர். அடியில் எங்கேயோ ஒரு நல்ல முதல் பதிப்பு கிடக்கும். அதைக் கண்டுபிடித்து, ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பக்கம் பக்கமாக உதறி, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, சேர்க்கை எண்ணும் பகுப்பு எண்ணும் எழுதி, முதுகில் சீட்டு ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் அது நூலகத்துப் புத்தகம். ஊர்ப்புற நூலகங்களில் பெரும்பாலும் ஒரே ஆள்; கதவு திறப்பதும் பெருக்குவதும் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் அவரே. அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணாச்சி, புஸ்தகம் கொண்டு வாரவங்க ரெண்டு அலமாரிக்கும் வழி பண்ணுனா புண்ணியமாப் போவும். வைக்க எடமில்லாம தரையில கெடக்கு.” அவர் காட்டிய மூலையில், சுவரோரம் ஈரம் ஏறி, கீழ் அடுக்கில் இருந்த புத்தகங்களின் ஓரம் உப்பியிருந்தது.

அரசின் பொது நூலகங்களில் புரவலர் திட்டம் என்று ஒன்று உண்டு. 1,000 ரூபாய் கட்டினால் புரவலர். 5,000 ரூபாய்க்குப் பெரும் புரவலர். 10,000 ரூபாய்க்குக் கொடையாளர். பெயர்ப் பலகையில் பெயர் ஏறும். வாசகர் வட்டம் உயிரோடு இருக்கிற ஊர்களில், கடைக்காரர்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்களும் சேர்ந்து புரவலர்களைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். நூலகத்துக்கு நாற்காலி, மின்விசிறி வாங்கித் தருகிறார்கள். சத்தமில்லாமல் நடக்கும் இந்த வேலையை எழுதுகிறவர்கள் குறைவு.

நெல்லைக்காரர்களின் பெரிய கொடைகள் சில வெளியூரில் நன்றாக வாழ்கின்றன. தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை இந்தச் சீமைக்காரர். அவர் சேர்த்த நூல்களும் சுவடிகளும் இன்று கொல்கத்தா தேசிய நூலகத்தில், அவர் பெயரிலேயே தனித் தொகுப்பாக இருக்கின்றன. திருநெல்வேலியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பிள்ளை அவற்றைப் பார்க்க ஹவுராவுக்கு ரயில் ஏற வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அவை பட்டியலோடும் பாதுகாப்போடும் இருக்கின்றன. 1920இல் திருநெல்வேலியில் பிறந்தது சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம். மறைமலையடிகள் தம் நூல்களைப் பொதுமக்களுக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டு 1950இல் மறைந்தார். கழகத்தின் ஆட்சியாளராக இருந்த பாளையங்கோட்டைக்காரர் வ. சுப்பையா பிள்ளை அவற்றைக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூலகத்தைத் திறந்தார். உயிலை நூலகமாக்க எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. தொ.மு.சி. ரகுநாதனின் நூல்கள் எட்டயபுரத்துக்குப் போயின. பாரதி பிறந்த ஊரில் ரகுநாதன் நூலகம் என்ற பெயரில் இருந்த அவற்றை இளசை மணியன் பேணி வந்தார். கொடுத்தவரின் பெயரோடு இப்படிப் பார்த்துக்கொண்டவரின் பெயரும் சேர்ந்து நினைவில் நிற்பது அபூர்வம்.

பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குள்ளும் நூலகம் உண்டு. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று ஓர் அரங்கு போட்டது. வாசகர்கள் அங்கே போட்டுவிட்டுப் போகும் புத்தகம் தமிழகச் சிறைகளுக்குச் சேரும். கடையில் புதிதாக வாங்கி, அப்படியே அரங்கில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். வேண்டாததைத் தள்ளிவிடாமல், அடுத்தவர் படிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். அந்த வகைக் கொடையை வாங்கிக்கொள்ளும் நூலகருக்குச் சுமையே இல்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை, தாத்தா காலத்து மர பீரோவில் புத்தகம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டாருக்கு நான் சொல்வது இது. முதலில் ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு. அதை நூலகரிடம் காட்டி, எது வேண்டும் என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நூறு ஆண்டு தாண்டிய நூல் இருந்தால் கிளை நூலகத்தில் போடாமல், மின்னுருவாக்கவும் பாதுகாக்கவும் வசதியுள்ள பெரிய நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மற்றதைக் கொடுக்கும்போது அலமாரிக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். பீரோ நல்ல தேக்கில் செய்ததாக இருந்தால், அதையும் புத்தகத்தோடு அனுப்பிவிடுங்கள்.

(தொடரும்)