முந்திக்கொள்ளும் பதில்கள்

மெம்கேஷ்டு என்ற மென்பொருளின் வேலை மிகச் சின்னது. சாவியைச் சொன்னால் அதற்குரிய தகவலை ரேமிலிருந்து எடுத்துக் கொடுக்கும். தரவுத்தளத்தின் சுமையைக் குறைக்க, லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2003இல் எழுதியது. இதற்குப் போய் முழு பிராசசர் எதற்கு என்று சிப் பொறியாளர்கள் கேட்டதில் ஆச்சரியமில்லை. 2013இல் சைலின்க்ஸ் ஆய்வாளர்கள் இதே வேலையை எஃப்பிஜிஏ சிப்பில் (உள்சுற்றைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய சிப்) ஏற்றி, நொடிக்கு சுமார் 1.3 கோடி கோரிக்கைகளுக்குப் பதில் தர வைத்தார்கள்.

வகுத்துப் பாருங்கள்: ஒரு கோரிக்கைக்கு 77 நானோவினாடி. ஆனால் டிராம் மெமரியைத் தொட்டுத் திரும்பவே ஏறக்குறைய 100 நானோவினாடி ஆகிவிடும். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்றால் கட்டுப்படியாகாது. ஒன்று மெமரிக்குப் போயிருக்கும்போதே பின்னால் வந்தவையும் கிளம்பியாக வேண்டும்.

கோரிக்கைகள் கிளம்பிய வரிசையிலேயே திரும்புமா என்பதுதான் சிக்கல். மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 2017இல் வெளியிட்ட, இதே வேலையைச் செய்யும் கேவி-டைரக்ட் என்ற அமைப்பில் எஃப்பிஜிஏ இருப்பது நெட்வொர்க் கார்டில்; தகவலின் பெரும்பகுதி சர்வரின் ரேமில். பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக அங்கே போய்வர சுமார் ஒரு மைக்ரோவினாடி ஆகும். கார்டிலேயே உள்ள மெமரியில் சிக்கிய தகவலோ அதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். பின்னால் வந்தது முந்திக்கொள்ளும்.

வேறு வேறு சாவிகள் என்றால் முந்தட்டும், கெடுதல் இல்லை. ஒரே சாவியில் ‘ஒன்று கூட்டு’, ‘ஒன்று கூட்டு’ என்று அடுத்தடுத்து வந்தால்தான் வம்பு. இரண்டும் பழைய எண்ணையே படித்தால் ஒரு கூட்டல் காணாமல் போகும். கேவி-டைரக்ட் இதற்கு எடுத்த மருந்து, ஐபிஎம்மின் டோமசுலோ 1967இல் பிராசசருக்காகச் சொன்ன உத்தி. ஒரே சாவிக்கானவற்றை மட்டும் பிடித்து நிறுத்தி, புதிய எண்ணை மெமரிவரை போகவிடாமல் சிப்பிலேயே அடுத்ததன் கையில் கொடுத்துவிடுவது. ஒரு கார்டு நொடிக்கு 18 கோடி வேலைகள் வரை முடித்தது.

சிப்புக்குள் தீர்ந்த பிரச்சினை நெட்வொர்க் கம்பியில் மீண்டும் தலைதூக்குகிறது. மெம்கேஷ்டின் பழைய எழுத்துவடிவ நெறிமுறையில், ஒன்றைச் சேமிக்கச் சொன்னால் ‘ஸ்டோர்டு’ என்ற ஒரே சொல்தான் பதிலாக வரும். எந்தச் சாவி என்ற பேச்சே இல்லை. அது எந்தக் கோரிக்கைக்கான பதில் என்பதை வந்த வரிசையை வைத்துத்தான் அறிய முடியும். ஆகவே பத்தாவது பதில் தயாராக இருந்தாலும், மூன்றாவது வரும்வரை அதை பஃபரில் பூட்டி வைக்க வேண்டும். சிப்பின் உள்மெமரியோ எப்போதும் பற்றாக்குறை.

பிறகு வந்த பைனரி நெறிமுறை, கோரிக்கையோடு 32 பிட் எண் ஒன்றை அனுப்ப இடம் கொடுத்தது. சர்வர் அதை அப்படியே பதிலில் திருப்பித்தரும். பார்சல் கவுண்டர் டோக்கன் மாதிரி. யுடிபி வழியிலும் கோரிக்கை எண் உண்டு. மெம்கேஷ்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான ரெடிஸோ இன்றும் ஒரு இணைப்பில் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கட்டளைகளை ஒரே த்ரெட்டில் ஒவ்வொன்றாக நிறைவேற்றும் நிரலுக்கு அந்த வரிசை இலவசமாகவே கிடைக்கிறது. அதையே எஃப்பிஜிஏவில் ஏற்ற நினைப்பவர்தான் அதற்கு பஃபராகவும் காத்திருப்பாகவும் விலை கொடுக்க வேண்டும்.