பதவி உயர்வு என்னும் ஆயுதம்

1973 ஏப்ரல் 24. கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்கக் கூடாது என்றனர் 7 பேர். 6 பேர் உடன்படவில்லை.

இந்திரா காந்தி அரசின் பதில் மறுநாளே வந்தது. ஓய்வுபெறும் தலைமை நீதிபதி சிக்ரிக்குப் பணிமூப்பில் அடுத்த நிலையில் இருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் ஒதுக்கிவிட்டு, நான்காவதாக இருந்த ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக அறிவித்தது. ஒதுக்கப்பட்ட மூவரும் அந்த 7 பேரில் அடக்கம், ரே எதிர்த்தரப்பு. வங்கி தேசியமய வழக்கிலும் 11 பேரில் தனியொருவராக அரசை ஆதரித்தவர் அவர். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

மக்களவையில் இதற்கு நியாயம் சொன்னவர் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்கலாம் என்று வாதிட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் மிக அதிகமாக வழக்காடும் தரப்பே அரசுதான். ஒரு கட்சிக்காரர் தனக்கு வேண்டிய நடுவரைத் தானே பொறுக்கிக்கொண்டால் அதற்குப் பெயர் பஞ்சாயத்தா?

அந்த நியமனத்தின் பலன் நெருக்கடி நிலையில் தெரிந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று 9 உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று, ரே உள்ளிட்ட 4 நீதிபதிகள் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்று தெரிந்தேதான் எழுதினார். 1977 ஜனவரியில் ரே ஓய்வுபெற்றபோது கன்னாதான் மூத்தவர். தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவரான நீதிபதி பேக்குக்குப் போனது. கன்னா விலகினார். இடையில், 1976இல் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகளை அவர்களின் சம்மதமில்லாமல் ஊர் மாற்றியிருந்தார்கள்.

எந்த நீதிபதியையும் சிறையில் தள்ளவில்லை, நீதிமன்றத்தைப் பூட்டவில்லை. ஒரு நியமன உத்தரவும் ஓர் இடமாற்ற உத்தரவும் போதுமானதாக இருந்தன. அந்த 4 பேரின் தீர்ப்பைத் தவறு என்று உச்ச நீதிமன்றமே வெளிப்படையாக ரத்துசெய்ய 2017 வரை ஆனது. கன்னாவின் பதவியை யாரும் திருப்பித் தரவில்லை.

1977க்குப் பிறகு எந்த அரசும் மூத்த நீதிபதியை ஒதுக்கித் தலைமை நீதிபதியை நியமித்ததில்லை. ஆனாலும் மூத்தவரையே நியமிப்பது வெறும் மரபுதான், அரசியல் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதச் சொல்லி நாம் கேட்க வேண்டும், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும்.