லண்டன் ப்ராம்ஸ்: நிற்பவர்களுக்கே முன்வரிசை!

கோடையில் லண்டன் போறீங்களா? ஜூலை மத்தியில் தொடங்கி சுமார் 8 வாரங்கள் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவை மிஸ் பண்ணாதீங்க.

மேடைக்கு நேர் எதிரே உள்ள ‘அரீனா’வில் நாற்காலியே கிடையாது, நின்றுதான் கேட்கணும். அந்த டிக்கெட்டுகள் கச்சேரி நாளன்று காலையில் ஆன்லைனில் கிடைக்கும். 2024-ல் விலை 8 பவுண்டுதான். நல்ல இருக்கைகளுக்கோ பல மடங்கு அதிகம்.

ஏன் இப்படி? 1895-ல் ராபர்ட் நியூமன் இந்த விழாவைத் தொடங்கியதே, காசு குறைவாக இருப்பவர்களும் நல்ல இசை கேட்கட்டும் என்றுதான். அப்போது நின்று கேட்க ஒரு ஷில்லிங்.

அதனால், இருக்கை விலையைப் பார்த்துத் திரும்பிடாதீங்க. சில சிம்பொனிகள் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். வசதியான ஷூ முக்கியம்!